பொன்னின் நிறம் எது?

பொன்னின் நிறம் யாது என்று வினவினால் லயத்து வாசலில் விளையாடும் சிறு பிள்ளையும் மஞ்சள் என்றே விடை பகரும். நகரத்துப் பொற்கொல்லரைக் கேட்பினும் அவ்விடையே கிடைக்கும். சிறிது செம்மையோ வெளுப்போ தோன்றுமாயின், அது செம்பும் வெள்ளியும் கலந்ததன் பயன் என்று அவர் மேலும் விளக்குவார். இவ்வளவோடு நம் மக்களின் பொன்னாராய்ச்சி முடிந்துவிடுகிறது. ஆனால் அதே பொன்னைத் தலைமயிரின் கனத்தில் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்காகும் வரை ரேக்காக அடித்து, விளக்கின் முன் பிடித்து நோக்கினால் ஊடே வரும் ஒளி பச்சையாகத் தோன்றும். கண்ணுக்குப் புலப்படாத நுண்துகளாக்கி நீரில் மிதக்கவிட்டால் மாதுளை முத்தின் சிவப்பாகத் தோன்றும். அந்நீரில் சிறிது உப்பை இட்டால் நீலமாகும். பொன்னின் மாற்று இவற்றுள் எதனிலும் குறையவில்லை. வடிவும் அளவும் மட்டுமே மாறின.

இதனை அரண்மனை வேடிக்கை என்று வாசகர்கள் ஒதுக்கிவிட வேண்டா. 2020-ம் வருஷம் முதல் உலகை வாட்டிய கொரோனாத் தொற்றின்போது, மூக்கில் பஞ்சுக்குச்சியை விட்டுச் சோதித்துக்கொள்ளாதவர் தோட்டத்திலும் நகரத்திலும் அரியர். அச் சோதனைப் பட்டைகள் பலவற்றில் எழுந்த சிவந்த கோடு சாதாரணச் சாயத்தால் ஆனதன்று. பொன்னின் நுண்துகள்கள் ஓரிடத்தில் வந்து சேர்ந்ததால் ஆனது. கருவுற்றமையை அறியும் பட்டைகள் பலவற்றிலும் அவ்வாறே. அந்தக் கோட்டைக் கண்டு நாம் அஞ்சினோம். அல்லது ஆறுதல் கொண்டோம். பொன்னாலான கோடு ஏன் மஞ்சளாக இல்லை என்று நம்மில் எத்தனை பேர் கேட்டோம்? அக்கேள்விக்கு விடை காண மனிதர் பட்ட பாட்டின் வரலாற்றை, அதில் தமிழர் இருவர் பெற்ற இடத்தோடு சேர்த்து, சுருக்கமாகக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கைத்திறனும் அறிவும்

உலோகத் துகளைக் கொண்டு ஒளியை ஆளும் வித்தை மிகப் பழையது. லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் லைகர்கஸ் கிண்ணம் என்று ஒன்றுளது. கி.பி. நான்காம் நூற்றாண்டில் ரோமானியர் காலத்தில் செய்யப்பட்ட கண்ணாடிக் கிண்ணம் அது. புறத்தே ஒளி விழும்போது பச்சையாகவும், உள்ளே விளக்கை வைத்தால் சிவப்பாகவும் அது தோன்றும். அக்கண்ணாடியை இக்கால நுண்கருவிகளால் ஆராய்ந்தபோது வெள்ளியும் பொன்னும் கலந்த துகள்கள் மிகச் சொற்ப அளவில் அதனுள் பரவியிருக்கக் கண்டனர். ஒரு துகளின் குறுக்களவு சுமார் 70 நானோமீட்டர். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் கூறாக்கினால் ஒரு கூறு எதுவோ அதுவே நானோமீட்டர் என்க. பதினேழாம் நூற்றாண்டில் ஜெர்மனி தேசத்தில் ஜான் குங்கெல் என்பவர் பொன்னைக் கொண்டு சிவந்த கண்ணாடி வார்த்துப் புகழ் பெற்றார். அவரும் ரோமானியரும் செய்யக் கற்றிருந்தனர். அது ஏன் நேர்கிறது என்பதோ அவர்களுக்குத் தெரியாது.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை வேண்டும். புதிய கண்டுபிடிப்பு எது வெளிவரினும், “இஃது எம் முன்னோர் அறிந்ததே” என்று மார்தட்டுவோர் நம்மிடையே பலர் உளர். பொன் பஸ்ப மாதிரிகளை இக்காலக் கருவிகளால் சோதித்தவர்கள், அவற்றுள் நானோ அளவான பொன் படிகங்களைக் கண்டதுண்டு. இதனைக் கேட்டவுடன், நானோ விஞ்ஞானம் முழுவதும் பழைய சுவடிகளில் அடங்கிக் கிடக்கிறது என்று கூறிவிடுகிறார்கள். லைகர்கஸ் கிண்ணத்தைச் செய்த தொழிலாளியை ஒளி நூல் அறிந்த பேராசிரியன் என்று ரோமாபுரியார் கூறினால் நாம் ஒப்புவோமா? ஒப்போம். அந்நியனுக்கு ஒரு துலாக்கோல், நமக்கு வேறொரு துலாக்கோல் என்பது நேர்மையாகாது. கைத்திறனைக் கைத்திறன் என்று போற்றுவோம். அளந்து, சோதித்து, காரணம் கண்டு, பிறரும் சோதித்துப் பார்க்கும்படி எழுதிவைக்கும் அறிவு வேறு வகைத்து. அவ்வறிவு பொன் விஷயத்தில் 1857-ம் வருஷத்தில்தான் வேரூன்றிற்று.

கொல்லன் மகனின் சோதனை

மைக்கேல் பாரடே 1791-ம் வருஷம் இங்கிலாந்தில் ஒரு கொல்லனுக்கு மகனாகப் பிறந்தவர். கல்லூரி வாசலை மிதியாதவர். புத்தகம் கட்டும் கடையில் தொழில் பழகச் சேர்ந்து, கட்டுவதற்கு வந்த புத்தகங்களைப் படித்தே அறிவு பெற்றவர். மின்சாரத்தில் அவர் கண்ட உண்மைகளை உலகம் அறியும். முதுமையில் அவர் பொன்னை எடுத்துக்கொண்டார். ஒளியின் அலையைக் காட்டிலும் மெல்லியதாகப் பொன்னைச் செய்தால் அலை அதனிடத்தில் என்ன பாடுபடும் என்பதே அவர் கேள்வி. 1857-ம் வருஷம் பிப்ரவரி 5-ந் தேதி லண்டன் ராயல் சொஸைட்டியில் தம் முடிபுகளைப் பிரசங்கமாக வெளியிட்டார்.

அவர் செய்தவை எளிய சோதனைகள். கடையில் வாங்கிய பொன்ரேக்கைக் கண்ணாடித் தகட்டில் படியவைத்து ஒளியில் பிடித்தார், பச்சை தெரிந்தது. அதனைச் சூடேற்றினார், பொன் உருகும் வெம்மைக்கு நெடுந்தூரம் கீழேயே பச்சை மறைந்து ரேக்கு வெளிறிப்போயிற்று. அதே இடத்தை வழவழப்பான கல்லால் அழுத்தித் தேய்த்தார், பச்சை மீண்டது. பொன் போகவுமில்லை, வரவுமில்லை. உள்ளமைப்பு மட்டும் மாறி மீண்டது. பின்னர்ப் பொன் உப்பைக் கரைத்த நீரில் பாஸ்பரஸைக் கொண்டு பொன்னைப் பிரித்தெடுத்தார், செந்நீர் கிடைத்தது. அச்செந்நீரினூடே ஓர் ஒளிக்கற்றையைக் குவித்துவிட்டபோது, தூசி நிறைந்த அறையில் வெயிற்கதிர் தெரிவது போல் அதன் வழி துலக்கமாகத் தெரிந்தது. ஆகவே அது கரைசல் அன்று, மிதக்கும் துகள்களின் கூட்டம் என்று துணிந்தார். அவர் செய்த பொன்னீர் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் இன்றும் சீசாக்களில் வைத்துப் பாதுகாக்கப்படுகிறது.

தோட்டத்து மக்களுக்கு இது விளங்காத விஷயமன்று. ரப்பர்ப் பாலும் இவ்வினத்ததே. பாலில் ரப்பர் கரைந்திருக்கவில்லை. கண்ணுக்கெட்டாத் துகள்களாக மிதக்கிறது. ஒன்றையொன்று தள்ளும் மின்னேற்றம் இருப்பதால் அவை சேராமல் நிற்கின்றன. காடியை ஊற்றினால் அத்தடை நீங்கித் துகள்கள் கூடிப் பால் உறைகிறது. பாரடேயின் செந்நீரில் உப்பு இட்டவுடன் நேர்ந்ததும் அதுவே. பொன் துகள்கள் ஒன்றோடொன்று நெருங்கின, நீர் நீலமாயிற்று. ரப்பர்ப் பால் வெண்மையாக இருப்பதும், பொன்னீர் சிவந்திருப்பதும் ஏன் என்பது மட்டுமே எஞ்சிய வினா. ரப்பர்த் துகள்கள் பருத்தவை. எல்லா நிறங்களையும் வேற்றுமையின்றிச் சிதறடிக்கின்றன, ஆதலால் வெண்மை. பொன் துகளோ நிறங்களுள் ஒன்றைத் தெரிந்தெடுத்து விழுங்குகிறது. தெரிந்தெடுப்பது எவ்வாறு? பாரடே அறிந்திலர். எலெக்ட்ரானை ஜே. ஜே. தாம்ஸன் வெளிப்படுத்திய 1897-ம் வருஷம் வரை அதற்கு விடை கூற எவராலும் இயலாதிருந்தது.

ஆடும் தூளி

உலோகம் எதனுள்ளும் எந்த அணுவுக்கும் கட்டுப்படாமல் உலவும் எலெக்ட்ரான்கள் எண்ணிறந்தன உள. ஒளி என்பது மின்னலை. அவ்வலை ஒரு சிறு பொன் துகளின்மேல் வரும்போது எலெக்ட்ரான் கூட்டத்தை ஒரு பக்கம் இழுக்கிறது. மறுபக்கத்தில் எஞ்சிய ஏற்றம் அக்கூட்டத்தைத் திரும்ப இழுக்கிறது. ஆகவே கூட்டம் முழுவதும் இப்புறமும் அப்புறமும் ஆடத் தொடங்குகிறது. ஆயாக்கொட்டகையில் குழந்தையைத் தூளியிலிட்டு ஆட்டுவதைக் கண்டிருக்கிறோம். ஒவ்வொரு தூளிக்கும் இயல்பான ஒரு வேகம் உண்டு. அவ்வேகத்துக்கு இசையக் கை போட்டால் சிறு விசையிலேயே தூளி நெடிது ஆடும். இசையாமல் தள்ளினால் கைதான் வலிக்கும். நீரில் மிதக்கும் சிறு பொன்னுருண்டைக்கு இசைந்த ஒளி பச்சை நிறத்தது. அலைநீளம் சுமார் 520 நானோமீட்டர். பச்சை விழுங்கப்படவே நம் கண்ணுக்குச் சிவப்பு வந்து சேர்கிறது. சிறு வெள்ளியுருண்டைக்கு இசைந்தது ஊதா. ஆதலால் வெள்ளித் துகள் மிதக்கும் நீர் மஞ்சளாகத் தோன்றுகிறது. உலோகம், துகளின் வடிவு, அருகிலுள்ள பொருள் இவை மாறினால் தூளியின் வேகமும் மாறும், நிறமும் மாறும்.

இக்கணக்கு ஒரே நாளில் வந்ததன்று. 1904-ம் வருஷம் மாக்ஸ்வெல் கார்னெட் என்னும் ஆங்கிலேயர், துகள்கள் நெருங்கிப் படிந்த உலோக ஏடுகளின் நிறத்துக்குக் கணக்குக் கூறினார். 1908-ம் வருஷம் குஸ்தாவ் மீ என்னும் ஜெர்மானியர் தனித்த உருண்டைக்கு முழுக் கணக்கையும் செய்து முடித்தார். அதற்குச் சில ஆண்டுகள் முன்னரே ஸிக்மண்டி, ஸீடென்டாப் என்னும் இருவர், துகளை நேரே காண இயலாவிடினும் அது சிதறும் ஒளிப்புள்ளியைக் காட்டும் நுண்காட்டியை இயற்றியிருந்தனர். பாரடே ஊகித்த துகள்கள் இவ்வாறு கண்ணுக்குச் சாட்சியாயின. ஸிக்மண்டிக்கு 1925-ம் வருஷத்து ரசாயன நோபெல் பரிசு கிடைத்தது.

துகளின் கதை இது. ஏட்டின் கதை சற்று வேறு. வழவழப்பான உலோக ஏட்டில் எலெக்ட்ரான்களின் ஆட்டம் ஓரிடத்தில் நில்லாமல் குளத்து நீரின் அலைபோல் மேற்பரப்பின் மீது ஓடவல்லது. ஆனால் அவ்வலையை நேரே விழும் ஒளியால் எழுப்ப முடியாது. ஒளியின் ஓட்டமும் பரப்பலையின் ஓட்டமும் ஒன்றோடொன்று பொருந்துவதில்லை. பொருத்துவதற்கு இரண்டு உபாயங்கள் உண்டு. ஏட்டின் மேல் நெருக்கமாகக் கோடுகளைக் கீறிவிடுவது ஒன்று; பட்டைக் கண்ணாடி வழியே சாய்வாக ஒளியை விடுவது மற்றொன்று. முதல் உபாயத்தின் விளைவை அமெரிக்காவில் ராபர்ட் வுட் 1902-ம் வருஷத்திலேயே கண்டார். கோடு கீறிய உலோகத் தகட்டிலிருந்து திரும்பிய ஒளியில் சில நிறங்கள் திடீரெனக் குன்றின. காரணம் விளங்காமல் அதனை அவர் விபரீதம் என்றே குறித்துவைத்தார். பரப்பலை உண்டு என்று ரிட்சி என்பவர் 1957-ம் வருஷம் கணக்கால் காட்டினார். 1968-ம் வருஷம் ஜெர்மனியில் ஆட்டோ என்பாரும், கிரெட்ஷ்மான், ரேதர் என்னும் இருவரும் இரண்டாம் உபாயத்தை நிலைநாட்டினர். சுமார் 50 நானோமீட்டர் கனமுள்ள பொன்னேட்டின்மேல் குறித்த ஒரு கோணத்தில் சிவந்த ஒளி விழுந்தால், கண்ணாடிபோல் திரும்ப வேண்டிய ஒளி பெரும்பாலும் திரும்பாமலே போய்விடுகிறது, அது பரப்பலையாகிவிட்டது.

இதன் பயன் மருத்துவத்தில் வந்து முடிந்தது. ஏட்டின் மேல் ஒரு மூலக்கூறு அடுக்குப் படிந்தாலும் அக்கோணம் நகர்ந்துவிடும். ஆகவே நோய்க்கிருமியின் ஒரு பகுதி அதற்குரிய எதிர்ப்பொருளோடு கூடுகிறதா, எவ்வளவு விரைவில் கூடுகிறது என்பதைச் சாயம் ஏதுமின்றி ஒளியைக் கொண்டே அறியலாயிற்று. 1990-ம் வருஷம் முதல் இதற்கான கருவிகள் ஸ்வீடன் தேசத்திலிருந்து விற்பனைக்கு வந்தன. மருந்து ஆராய்ச்சிச்சாலைகளில் இன்று அவை சாதாரணம்.

எட்டாண்டுகள் கழித்து, 1998-ம் வருஷம், மற்றொரு வியப்பு வெளிவந்தது. எப்பெஸன் என்பாரும் அவர் துணைவர்களும், ஒளியின் அலைநீளத்தினும் சிறிய துளைகளை வரிசை வரிசையாக இட்ட வெள்ளியேட்டைச் சோதித்தனர். அத்துணைச் சிறிய துளையில் ஒளி நுழைவதே அரிது என்பது பழைய கணக்கு. ஆனால் சில நிறங்களில், துளைகளின்மேல் நேரே விழுந்த ஒளியினும் அதிகமான ஒளி மறுபுறம் வந்தது. துளைகளுக்கு இடையிலுள்ள உலோகத்தின்மேல் விழுந்த ஒளியையும் பரப்பலை வாரிக்கொண்டு வந்து துளைவாயிலில் சேர்த்ததே அதன் மர்மம்.

கணக்கு உத்தியோகஸ்தரும் வத்திராயிருப்பு இளைஞரும்

இனி நம்மவர் விஷயத்துக்கு வருவோம். சந்திரசேகர வெங்கட ராமன் 1888-ம் வருஷம் நவம்பர் 7-ந் தேதி திருச்சிராப்பள்ளியை அடுத்த திருவானைக்காவலில் பிறந்தார். சென்னை ராஜதானிக் கல்லூரியில் படித்தார். அக்காலத்து இந்தியாவில் விஞ்ஞானத்தைத் தொழிலாகக் கொண்டால் அடுப்பு எரியாது. ஆகவே 1907-ம் வருஷம் நிதி இலாகாப் பரீட்சையில் தேறிக் கல்கத்தாவில் கணக்கு உத்தியோகத்தில் அமர்ந்தார். பகல் முழுவதும் அரசாங்கத்தின் வரவு செலவு. காலையிலும் மாலையிலும் பௌபஜார் வீதியில் மகேந்திரலால் சர்க்கார் 1876-ம் வருஷம் நிறுவிய விஞ்ஞான வளர்ச்சிச் சங்கத்தின் சோதனைச்சாலை. ரங்கூனுக்கும் நாகபுரிக்கும் மாற்றினார்கள். போன இடத்திலும் ஆராய்ச்சியை விட்டாரில்லை. 1917-ம் வருஷம், சம்பளம் குறைவு என்பதைப் பாராமல், உத்தியோகத்தைத் துறந்து கல்கத்தா சர்வகலாசாலையில் பௌதிகப் பேராசிரியரானார்.

தோட்டத்துக் கணக்கேட்டோடு காலங்கழிக்கும் நமக்கு இப்பகுதி சற்று உறைக்கிறது. பெரட்டு எடுத்து, செக்ரோல் எழுதி முடித்தபின் மாலைப்பொழுது நம்முடையதே. அதனை எதற்குச் செலவிடுகிறோம் என்று வாசகர்களில் கிராணிமார் தம்மைத் தாமே கேட்டுக்கொள்வது நலம்.

ராமன் ஒளியையும் நிறத்தையும் நாடியவர். காய்ச்சிய எஃகின்மேல் மஞ்சளும் ஊதாவும் நீலமும் படர்வதைப் பற்றி 1922-ம் வருஷம் ‘நேச்சர்’ பத்திரிகையில் ஒரு குறிப்பு எழுதினார். கத்தியைத் துவைக்கும் கொல்லன் பதம் அறியப் பார்க்கும் அதே நிறங்கள்! கொல்லன் அவற்றைக் கொண்டு சூட்டை மதிப்பிடுவான். அவை எங்கிருந்து வருகின்றன என்று ராமன் வினவினார். அதற்கு முந்திய ஆண்டு கப்பலில் மத்தியதரைக் கடலைக் கடக்கையில் கடல்நீரின் நீலத்தைக் கண்டு அதற்கும் காரணம் தேடினார். அவ்வழியே சென்றுதான், 1928-ம் வருஷம் பிப்ரவரி 28-ந் தேதி, பொருளின்மேல் பட்டுச் சிதறும் ஒளியில் மிகச் சிறு பகுதி நிறம் மாறி வருகிறது என்னும் உண்மையை உறுதிசெய்தார். ஒவ்வொரு பொருளின் மூலக்கூறும் தனக்கே உரிய வகையில் நிறத்தை மாற்றுவதால், மாறிய ஒளி அப்பொருளுக்குக் கைரேகை போன்றது. 1930-ம் வருஷத்து நோபெல் பரிசு அவருக்குக் கிடைத்தது.

அச் சோதனைகளில் அவரோடு நின்றவர் கே. எஸ். கிருஷ்ணன். ராமநாதபுரம் சீமை வத்திராயிருப்பில் 1898-ம் வருஷம் பிறந்தவர். கண்ணைக் கருவியாகக் கொண்டு நாட்கணக்கில் மங்கிய ஒளியை நோக்கிக் குறிப்பெழுதிய உழைப்பு அவருடையது. முதல் அறிவிப்புகளில் இருவர் பெயரும் உள. பரிசோ ஒருவருக்கே சென்றது. விளைவும் ஒருவர் பெயராலேயே வழங்குகிறது. புகழைப் பங்கிடும்போது உழைத்த கைகளை எண்ணிப் பார்க்க வேண்டும் என்பதற்காகவே இதனை இங்கே குறிக்கிறோம்.

ராமன் விளைவில் ஒரு பெருங்குறை இருந்தது. நிறம் மாறிவரும் ஒளி, விழுந்த ஒளியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கினும் குறைவு. பொருள் ஏராளமாக இருந்தால்தான் அதன் கைரேகை தெரியும். ஒரு பரப்பின்மேல் ஒற்றை அடுக்காகப் படிந்த பொருளை அதனால் அறிவது நடவாத காரியம் என்றே கருதினர். 1970-ம் வருஷம் ராமன் மறைந்தார். அதற்கு நான்காண்டுகளுக்குப் பின், 1974-ம் வருஷம், இங்கிலாந்தில் ஸௌதாம்டன் சர்வகலாசாலையைச் சேர்ந்த பிளைஷ்மன், ஹெண்ட்ரா, மெக்குவில்லன் என்னும் மூவர், சொரசொரப்பாக்கிய வெள்ளித் தகட்டின்மேல் பிரிடீன் என்னும் பொருளைப் படியவைத்து ராமன் ஒளியை நோக்கினர். ஒளி எதிர்பாராத வலிமையோடு வந்தது. சொரசொரப்பால் பரப்பு மிகுந்தது, பொருளும் மிகுதியாய்ப் படிந்தது என்று அவர்கள் எண்ணினர். 1977-ம் வருஷம் அமெரிக்காவில் வான் டைனும் ஜான்மேரும், இங்கிலாந்தில் ஆல்பிரெக்டும் கிரெய்டனும் கணக்கிட்டுப் பார்த்தபோது, பரப்பு மிகுதி என்ற காரணம் போதாது என்பது வெளியாயிற்று. ஒளி ஒரு லட்சம் முதல் பத்து லட்சம் மடங்கு வரை பெருகியிருந்தது.

காரணம் நாம் மேலே கூறிய தூளியே. நானோ அளவான மேடுபள்ளங்களில் எலெக்ட்ரான்கள் ஒளிக்கு இசைந்து ஆடும்போது, மேடுகளின் முனைகளிலும் இரு துகள்களுக்கு இடையிலுள்ள நெருக்கமான சந்துகளிலும் மின்புலம் மிகப் பெரிதாகிறது. அங்கு அகப்பட்ட மூலக்கூறு பெறும் ஒளியும் பெருகுகிறது; அது திருப்பியனுப்பும் ஒளியும் பெருகுகிறது. இரு பெருக்கமும் ஒன்றோடொன்று பெருகுவதாலேயே லட்சக்கணக்கு வந்தது. 1997-ம் வருஷம், தனியொரு மூலக்கூற்றின் கைரேகையையே இம்முறையால் கண்டுவிட்டதாக இரு குழுவினர் அறிவித்தனர். பாரடே தொடங்கிய உலோகத் துகளின் வரலாறும், ராமனும் கிருஷ்ணனும் தொடங்கிய சிதறொளியின் வரலாறும் இவ்வாறு ஒரு வெள்ளித் தகட்டின்மேல் கூடின. காய்கறியில் ஒட்டிய பூச்சிமருந்தையும், மருந்தில் கலந்த போலிப் பொருளையும், வெடிமருந்தின் சுவட்டையும் கண்டறிய இன்று இம்முறை உதவுகிறது. களைக்கொல்லித் தெளிப்பவர்களை அன்றாடம் காணும் தோட்டத்து மக்களுக்கு, நீரில் நஞ்சு எவ்வளவு கலந்துள்ளது என்று அறியும் வழி எத்துணை முக்கியம் என்று நாம் சொல்ல வேண்டுவதில்லை.

ஒளி ஆண் பெண் பார்ப்பதில்லை

நிற்க. பெரியோரைப் புகழ்வதோடு வரலாறு முடிந்துவிடுவதில்லை. ராமன் பெங்களூர் விஞ்ஞானக் கழகத்தின் தலைவராயிருந்தபோது, 1933-ம் வருஷம், கமலா என்னும் மாணவி ஆராய்ச்சிக்கு இடம் கேட்டார். பிற்காலத்தில் கமலா சொஹோனி என அறியப்பட்டவர். பெண் என்ற காரணத்தால் ராமன் முதலில் மறுத்தார். அம்மாணவி விடாது வாதாடவே, ஓராண்டு தகுதி பார்த்தபின் ஒப்புக்கொள்வதாக நிபந்தனையிட்டுச் சேர்த்துக்கொண்டார். கமலா பின்னர்க் கேம்பிரிட்ஜ் சென்று டாக்டர் பட்டம் பெற்றார். மலைத்தோட்டச் சீமையான பீர்மேட்டில் 1918-ம் வருஷம் பிறந்த அன்னா மாணி, ராமனின் சோதனைச்சாலையில் வைரத்திலும் மாணிக்கத்திலும் ஒளி செய்யும் விந்தைகளைப் பல காலம் அளந்து ஆராய்ந்தார். 1945-ம் வருஷம் தம் ஆராய்ச்சியைச் சென்னைச் சர்வகலாசாலைக்குச் சமர்ப்பித்தார். எம்.எஸ்ஸி. பட்டம் அவரிடம் இல்லை என்று டாக்டர் பட்டம் மறுக்கப்பட்டது. அவ்வம்மையார் பிற்காலத்தில் இந்திய வானிலை இலாகாவுக்கு வேண்டிய கருவிகளை இந்தியாவிலேயே இயற்றுவித்துப் பெருமை பெற்றார். மலைத்தோட்டத்தில் பிறந்த பெண் குழந்தைக்குப் பௌதிகம் எதற்கு என்று இன்னும் கேட்போர் உளராயின், அவர்களுக்கு இவ்விரண்டு பெயர்களே விடை.

கெலுகோரும் நாமும்

பினாங்கு நகரிலிருந்து தெற்கே செல்வோர் கெலுகோரைக் கடந்து செல்வர். கெலுகோர் என்பது புளிப்புக் காய் தரும் ஒரு மரத்துக்கு மலாய்ப் பெயர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டேவிட் பிரௌன் என்னும் ஸ்காத்லாந்துத் துரையின் கெலுகோர்த் தோட்டம் இத்தீவில் பேர்போனது. பிற்காலத்தில் இவ்வட்டாரத்தில் பிரிட்டிஷ் ராணுவத்தின் மின்டன் பாளையம் எழுந்தது. 1969-ம் வருஷம் பினாங்கில் தோன்றிய சர்வகலாசாலை 1971-ம் வருஷம் அப்பாளையத்துக்குக் குடிபெயர்ந்தது. மலேசிய விஞ்ஞானச் சர்வகலாசாலை என்னும் பெயரால் இன்று விளங்குகிறது. துரைமார் தோட்டமும் சிப்பாய்களின் கொட்டடியும் இருந்த வட்டாரத்தில் பௌதிகப் பிரிவும் சோதனைச்சாலைகளும் நிற்கின்றன.

அத்தகைய சோதனைச்சாலையில் மெல்லேடு செய்யும் முறை அறியத்தக்கது. காற்றை வெளியேற்றிய கலத்தில் பொன் துண்டை வைத்து, வெப்பத்தால் ஆவியாக்கியோ, மின்னேற்ற அணுக்களால் மோதிச் சிதறச் செய்தோ, எதிரிலுள்ள கண்ணாடியில் படியவைப்பர். முதலில் பொன் தொடர்ந்த தகடாகப் படிவதில்லை. தனித்தனித் தீவுகளாகப் படிகிறது. தீவுகள் வளர்ந்து, ஒன்றோடொன்று தொட்டு, இறுதியில் ஒரே பரப்பாகின்றன. தீவுகளாக இருக்கும்போது ஏடு நீலமோ ஊதாவோ காட்டும். பரப்பாகியபின் பொன்னுக்குரிய மினுமினுப்பு வரும். பாரடே சூடேற்றிய ரேக்கு வெளிறியதற்கும் காரணம் இதன் மறுதலையே. தொடர்ந்த ஏடு வெப்பத்தால் சுருண்டு துண்டுதுண்டாகிப் பிரிந்துவிட்டது.

இவ்வேலைக்குப் பெருஞ்செல்வம் வேண்டும் என்று எண்ணி மலைக்க வேண்டா. 2004-ம் வருஷம் புனா தேசிய ரசாயனச் சாலையில் முரளி சாஸ்திரியும் அவர் குழுவினரும் பொன் உப்புக் கரைசலில் எலுமிச்சைப் புல்லின் சாற்றை ஊற்றினர். நம் வீட்டுக் கறியில் போடுகிறோமே, அந்தச் செராய் இனத்துப் புல்தான். பொன் மெல்லிய முக்கோணத் தகடுகளாகப் பிரிந்து நின்றது. முக்கோணத்துக்கு இசைந்த ஒளி, உருண்டைக்கு இசைந்ததினும் வேறு. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு வரை அது சென்றது. வேலியோரத்தில் நம் பெண்கள் பிடுங்கும் புல்லுக்கு ஒப்பான ஒன்று உலக விஞ்ஞானப் பத்திரிகையில் இடம்பெற்றது.

பொன்னை நம்மினும் அதிகம் நேசிப்பவர் யார்? பெண் பிறந்த நாள் முதல் பவுன் கணக்கு. வட்டிக்கடையில் அடகு, கலியாணத்தில் சீர், இழவில் பங்குச் சண்டை. ஒரு பவுனுக்காகக் குடும்பங்கள் பிரிந்த கதை ஒவ்வொரு தோட்டத்திலும் உண்டு. இத்தனை நூற்றாண்டு பொன்னைக் கழுத்திலும் காதிலும் சுமந்த நாம், அது ஒளியை என்ன செய்கிறது என்று கேட்கும் வேலையை ஒரு கொல்லன் மகனுக்கு விட்டுவிட்டோம். அவன் அணிவதற்கென்று ஒரு குன்றிமணிப் பொன்னும் தேடவில்லை. ரேக்கு வாங்கி ஒளியில் பிடித்தான்.

ஆங்கிலத்தில் கற்று உத்தியோகம் பெற்ற நம் போன்றோருக்கு இங்கே ஒரு கடன் உண்டு. நமக்குக் கிடைத்த கல்வி நம்மோடு நின்றுவிட்டால், அது பெட்டியில் பூட்டிய நகைக்கு ஒப்பாகும். கற்றதைத் தமிழில், தோட்டப் பள்ளிப் பிள்ளைக்கு விளங்கும் தமிழில், எடுத்துச் சொல்ல வேண்டும். அதற்குச் சர்வகலாசாலையின் கருவிகள் வேண்டுவதில்லை. ஒரு கோப்பை நீரில் இரண்டு சொட்டுப் பசும்பாலை விட்டு, இருட்டறையில் கைவிளக்கைப் பிடித்தால், பக்கவாட்டில் நீலச்சாயலும், நேரே நோக்கினால் செம்மஞ்சள் சாயலும் தெரியும். துகள்கள் ஒளியைச் சிதறடிக்கும் வித்தை அது. ஒரு தாள் பொன்ரேக்கும் ஒரு கண்ணாடித் துண்டும் கிடைத்தால் பாரடே கண்ட பச்சையைப் பிள்ளைகளே காணலாம். கண்டபின் அவர்கள் கேட்கும் கேள்விகளுக்கு ஆசிரியரும் பெற்றோரும் செவிகொடுக்க வேண்டும். அதட்டி அடக்கக் கூடாது.

அடுத்த முறை நம் வீட்டில் நகை செய்ய முற்படும்போது, அதில் ஒரு பவுனைக் குறைத்து, அப்பணத்துக்கு ஒரு நுண்காட்டியும் சில விஞ்ஞான நூல்களும் வாங்கி அருகிலுள்ள தமிழ்ப் பள்ளிக்கு அளிப்போம். கழுத்தில் ஒரு சரடு குறைந்தால் எவரும் இறந்துபோவதில்லை. அந்நுண்காட்டியைக் குனிந்து நோக்கும் பிள்ளைகளுள் எவரேனும் ஒருவர், கெலுகோரிலோ வேறெங்கோ, உலோகத்துக்கும் ஒளிக்கும் உள்ள உறவில் இதுவரை எவரும் காணாத ஒன்றைக் காணக்கூடும். காணாவிடினும், சிவந்த கோடு ஏன் சிவந்தது என்று கேட்கத் தெரிந்த மக்களாக அவர்கள் வளர்வார்கள்.